முலுநெஷ் டீச்சரும் ஆறு மணி நேரம் தள்ளிப்போன கோளும்

முலுநெஷ் டீச்சர் ஜெயித்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இழுத்தடித்துச் சொல்கிற பொறுமை எனக்குக் கிடையாது. எப்படி ஜெயித்தார், நடுவில் நான் அவரை எப்படிக் கவிழ்க்கப் பார்த்தேன் என்பதுதான் விஷயம்.

அடிஸ் அபாபாவுக்கு வடகிழக்கே இருக்கிற தெப்ரே பெர்ஹானில், கம்பளி ஆலைக்குப் போகிற சாலையில் என் தட்டச்சுக் கடை இருக்கிறது. என் பெயர் ஷிமெலிஸ். பாஸ்போர்ட் விண்ணப்பம், நிலத்தகராறு மனு, கல்யாண அழைப்பு என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். ஊரில் ஓரளவு ஒழுங்காக இன்டர்நெட் வருவதும் என் கடையில்தான். டீச்சர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். வீட்டுக்காரர் ஜிபூத்திக்கு லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

ஒரு வருடம் அடிஸ் அபாபாவில் ஆசிரியர்களுக்கு நாலு நாள் பயிற்சி வைத்தார்கள். அங்கே யாரோ டீச்சரிடம் ஒரு ரகசியம் போலச் சொல்லியிருக்கிறார்கள். விண்வெளியில் சுற்றுகிற தொலைநோக்கிகள் அளந்து அனுப்புவதை எல்லாம் பொதுவில் போட்டு வைத்திருக்கிறார்களாம், யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாமாம். அவ்வளவுதான், வந்த மறுநாளே என் கடையின் மூலை நாற்காலி அவருக்குச் சொந்தமாகிவிட்டது. பள்ளி விட்டதும் வருவார். ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் நாள்கணக்கில் எப்படி இருந்தது என்று புள்ளி புள்ளியாக ஒரு வரைபடம் திரையில் வரும். பார்ப்பார், தள்ளுவார். அடுத்தது வரும். ஏதாவது ஒரு கோள் அந்த நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனால் வெளிச்சம் ஆயிரத்தில் ஒரு பங்கு மங்குமாம். அந்தத் துளி மங்கலைத்தான் தேடிக்கொண்டிருந்தார். மூன்று வருடம். நாலாயிரம் வரைபடத்துக்கு மேல் பார்த்திருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் பார்த்தேன், என் பழைய மனுக்களின் பின்பக்கமெல்லாம் அவர் அச்செடுத்தே தீர்த்தார்.

எதிரே யெஷியின் காப்பிக் கடை. யெஷிக்கு நாக்கு நீளம். டீச்சர் தெருவைக் கடக்கும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பாள்.

“மேல எதைத்தான் டீச்சர் தேடறீங்க? உங்க வீட்டுக்காரரு ஜிபூத்தி ரோட்டுலல்ல இருக்காரு?”

டீச்சர் சிரித்துக்கொண்டே வறுத்த வாற்கோதுமை ஒரு கை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்.

மூன்றாம் வருடம் மாட்டியது. பெயர்கூட இல்லாத, வெறும் எண் மட்டுமே உள்ள ஒரு நட்சத்திரம். ஐம்பத்து மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை மங்கியிருந்தது. இரண்டும் ஒரே ஆழம், இரண்டும் ஐந்தரை மணி நேரம். மூன்று தடவை மங்கினால்தான் தொலைநோக்கிக்காரர்களின் கணினி கணக்கில் எடுக்குமாம், அதனால் இதை ஒதுக்கிவிட்டது. மூன்றாவது தடவை வருவதற்குள் தொலைநோக்கியும் வேறு பக்கம் திரும்பிவிட்டது. டீச்சர் அன்று அந்த ஒரே வரைபடத்தை நாலு பிரதி அச்செடுத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அந்த நாலு பிரதியைப் பார்த்ததும் பெரிய விஷயம் என்று மட்டும் தெரிந்தது.

ஐரோப்பாவில் ஒரு குழுவிடம் வேறொரு விண்தொலைநோக்கி இருந்தது. டீச்சர் எழுதினார். இரண்டு தடவை போதாது, மூன்றாவதைப் பார்த்தால்தான் கோள் என்று ஒப்புக்கொள்வோம், சரியான நேரத்தைக் குறித்து விண்ணப்பம் அனுப்புங்கள், ஏழு மணி நேரம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கிறோம் என்றார்கள். ஏழே மணி நேரம், ஒரே வாய்ப்பு. ஒன்றும் தெரியாவிட்டால் நட்சத்திரத்தைப் பொய்க் கண்டுபிடிப்புகளின் பட்டியலில் போட்டுவிடுவார்கள். அதில் விழுந்ததை அப்புறம் யாரும் சீந்தமாட்டார்கள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அன்று டீச்சர் பரீட்சை மேற்பார்வையில் மாட்டிக்கொண்டார். பள்ளி அலுவலகத்திலிருந்து போன் செய்து ஒவ்வொரு வரியாகச் சொன்னார், நான் அடித்தேன். எப்போது பார்க்கத் தொடங்க வேண்டும் என்கிற வரி வந்தபோது, நாலு மணி இருபது நிமிஷம், கிரீன்விச் கணக்குக்கு மாற்றிப் போட்டுவிடுங்கள் என்றார். நமக்கும் கிரீன்விச்சுக்கும் மூன்று மணி வித்தியாசம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூன்றைக் கழித்தேன், ராத்திரி ஒன்று இருபது என்று போட்டேன், அனுப்பினேன். வேலையைச் சுத்தமாக முடித்த திருப்தியில் யெஷியிடம் போய்க் காப்பியும் குடித்தேன். நல்லா குடித்தேன் போ!

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. ஏழு மணி நேரமும் பார்த்தோம், வெளிச்சம் கோடு போட்டது மாதிரி நேராக இருக்கிறது, வருட முடிவில் பொய்ப்பட்டியலில் சேர்க்கிறோம், முயற்சிக்குப் பாராட்டுகள். அந்தப் பாராட்டுதான் எனக்கு எரிந்தது. பள்ளியில் தலைமையாசிரியர் பெயெனெ, பாடத்தை நடத்தினால் போதாதா என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். டீச்சர் ஒரு வாரம் கடைப்பக்கமே வரவில்லை. மூலை நாற்காலி காலியாகக் கிடந்தது, எனக்கு என்னவோ போல் இருந்தது.

எட்டாம் நாள் வந்தார். அந்தக் குழு எடுத்த அளவுகளை அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தார். அச்செடுத்து மேசையில் விரித்தார். நேர்கோடுதான். ஆனால் வலது ஓரத்தில், கடைசிக் கால் மணி நேரத்தில், புள்ளிகள் லேசாகக் கீழே இறங்கியிருந்தன. ஓரத்தில் இப்படி ஆடுவது சகஜம் என்று அவர்கள் விட்டுவிட்டார்களாம். டீச்சர் அடிக்கோலை வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். அப்புறம் விண்ணப்ப நகலைக் கேட்டார்.

“அண்ணே, ஒண்ணு இருபதுன்னு போட்டிருக்கீங்க.”

“நாலு இருபதுன்னு சொன்னீங்க. மூணு கழிச்சேன்.”

“ஆறு கூட்டலையா?”

எங்களுக்கு விடிந்தபிறகுதான் மணி தொடங்கும். வெளியுலகம் ஏழு என்பது எங்களுக்கு ஒன்று. எங்கள் நாலு, அவர்களுக்குப் பத்து. கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் எங்கள் கணக்கில் சொல்வார்கள், நான் ஆறு கூட்டித்தான் போடுவேன். இருபது வருடமாக விமான டிக்கெட்டில் ஒருவரைக்கூட நான் தவறவிட்டதில்லை. டீச்சர் படித்தவர், ஆராய்ச்சிக்காரர், நோட்டைப் பார்த்து வெளிநாட்டுக் கணக்கில்தான் சொல்வார் என்று நான் நினைத்துவிட்டேன். என்னிடம் பேசுவதால் அவர் வாயில் நம்முடைய கணக்கு வந்திருக்கிறது, ஷிமெலிஸ் எப்போதும் போல் கூட்டிக்கொள்வான் என்று அவர் நினைத்துவிட்டார். கோள் வருவதற்கு ஆறு மணி நேரம் முந்தியே நான் அவர்களைப் பார்க்க வைத்திருக்கிறேன். அது உள்ளே நுழையவும் அவர்கள் கண்ணை மூடிக்கொள்ளவும் சரியாக இருந்திருக்கிறது.

டீச்சர் எழுந்து நின்றார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் கத்தி நான் கேட்டேன். ஒரு பையனின் பாஸ்போர்ட் என்றால் இரண்டு தடவை கேட்பீர்களே, என் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கேட்கக் கூடாதா என்றார். நியாயம்தான். வெட்கத்தில் செத்தேன். தவறு என்னுடையது என்று நானே கடிதம் அடிக்கத் தொடங்கினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு அந்த வரியை அழிக்கச் சொன்னார். “தப்பு நம்ம ரெண்டு பேரோடதுன்னு போடுங்க. ஆனா கோள் இருக்குன்னு முதல் வரியில போடுங்க.”

கால் மணி நேரத்தை வைத்து ஒப்புக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது. ஆனாலும் பட்டியலில் போடுவதை நிறுத்தி வைத்தார்கள். பழைய தொலைநோக்கி அடுத்த பிப்ரவரியில் அதே பக்கம் திரும்பப் போகிறது, அப்போது தெரிந்துவிடும் என்றார்கள். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை, அது பாட்டுக்குப் பார்த்துவிட்டுப் போகும். டீச்சர் நாளையும் நிமிடத்தையும் கணக்குப் போட்டு, எங்கள் மணியிலும் அவர்கள் மணியிலுமாக இரண்டு விதமாகவும் எழுதி, பள்ளிப் பலகையில் ஊசி குத்தி வைத்தார். கோள் வராவிட்டால் நீங்களே கிழித்துவிடுங்கள் என்று பெயெனெவிடம் சொன்னாராம். நான் தினமும் போய் அந்தக் காகிதம் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அவர் பாட்டுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டு, வந்து போய்க்கொண்டு இருந்தார்.

மார்ச் கடைசியில் ஒரு சாயங்காலம் அளவுகள் வெளியாகின. நல்லவேளை, கரண்ட் இருந்தது. டீச்சர் தான் சொன்ன நிமிடத்தில் திரையில் ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிட்டு, புள்ளிகளைப் போடச் சொன்னார். இடமிருந்து வலமாக அவை வரத் தொடங்கின. நேராக வந்தன, நேராகவே வந்தன. என்னால் பார்க்க முடியவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டேன். டீச்சர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். சிவப்புக் கோட்டுக்கு நேர் கீழே, ஐந்தரை மணி நேர அகலத்தில், அதே ஆழத்தில் பள்ளம்.

டீச்சர் வாயைத் திறந்து குலவை விட்டார். அதிர்ந்து பேசாத அந்த மனுஷியின் குலவை தெருக்கோடி வரை போயிருக்கும். யெஷி காப்பிக் கூஜாவைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தாள், அவள் பின்னால் கம்பளி ஆலைப் பெண்கள் நாலைந்து பேர்.

“யாருக்கு டீச்சர் கல்யாணம்?”

“கல்யாணம் இல்ல யெஷி. நான் சொன்ன நேரத்துக்கு அது வந்துருச்சு. இனிமே அதை இல்லன்னு எவனும் அடிக்க முடியாது.”

என்ன வந்தது, எங்கே வந்தது என்று யெஷி கேட்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்தாள், கூஜாவை என் விண்ணப்பங்கள் மேல் வைத்தாள், தலையைத் தூக்கிக் குலவை விட்டாள். எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆண்பிள்ளை குலவை விடுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. நானும் விட்டேன்.