வேலாயியின் ஸ்பெயின் கோபம்

தேயிலைக் கொழுந்தை வெடுக்கென்று கிள்ளித் தோளுக்குப் பின்னால் கூடையில் வீசும்போதெல்லாம் வேலாயி "ரபியா!" என்கிறாள். ஒரு வீச்சுக்கு ஒரு ரபியா. அந்த 'ர'வை உருட்டுகிற உருட்டில் வட்டகொடை ஸ்டேஷனில் நிற்கிற ரயில் கொடி காட்டாமலே கிளம்பிவிடும்.

"யாருடி அவ ரபியா? டவுன் துணிக்கடை மொதலாளி மகளா?" என்று பக்கத்து நிரையிலிருந்து அழகம்மா கேட்பாள்.

"அது ஸ்பெயின் கோவம்க்கா. நம்ம கோவந்தான் இங்க செல்லுபடியாகலியே!"

வேலாயிக்கு வயது நாற்பத்தைந்து, வாய்க்கு நூறு. அட்டை இவளைக் கடித்தால் அட்டைக்குத்தான் மருந்து போடவேண்டும். தலைத்துண்டை இழுத்து இறுக்கினாள் என்றால், புருஷன் கணேசமூர்த்தி சோற்றுக்குக்கூடக் காத்திராமல் கோயில் பக்கம் நழுவிவிடுவார்.

இந்தக் கோபம் ஒரு கழிப்பறையில் பிறந்தது. மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு அப்படியொன்று கிடையாது. செடிக்குள் குந்தவேண்டும். அதற்குப் பயந்தே பலர் பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதில்லை. அழகம்மாவுக்கு ஓயாத நீர்க்கடுப்பு. அப்படிப்பட்ட மலையில் போன மாதம் ஒரு கழிப்பறை எழும்பியது. கல்யாண மண்டபம் தோற்றுப்போகும், அப்படி ஒரு பளபளப்பு. ஆனால் படம் பிடிக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்! சாவி கைட் தர்ஷனிடம்.

ஸ்பெயின்காரக் கூட்டமொன்று வந்தபோது வேலாயி பொரிந்து தள்ளினாள். "எங்கள செடிக்குள்ள குந்த வச்சிட்டு ஒங்களுக்கு மட்டும் டொய்லட்டா?" தர்ஷன் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னான். அவர்கள் கைதட்டினார்கள்.

நுவரெலியா ஹோட்டலில் வேலை பார்த்துக்கொண்டு ஃபோனில் ஸ்பானிஷ் படிக்கும் அக்கா மகள் தனுஷிகா அன்று லீவில் வந்து பக்கத்தில் நின்றாள்.

"சித்தி, நீங்க சொன்னத அவன் சொல்லல. ஒங்களுக்கு ரொம்ப சந்தோஷமாம்னு சொல்றான்."

அங்கேயே பாடம் தொடங்கிவிட்டது. "பல்லக் கடிக்கிற கோவத்துக்கு அவங்க என்னடி சொல்லுவாங்க?"

"ரபியா. 'மே தா ரபியா'ன்னா, இது எனக்குக் கோவத்தக் குடுக்குதுன்னு அர்த்தம். எதுன்னு கையக் காட்டுங்க."

முதல் தடவை காரியம் கெட்டது. கேமராவைக் கண்டால் பல்லைக் காட்டிப் பழகிய வாய். சிரித்துக்கொண்டே "மே தா ரபியா" என்றாள். அவர்களும் சிரித்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்துதான் இந்தக் கிள்ளுக்கொரு ரபியா. சிரிக்காமல் சொல்லப் பயிற்சி.

நேற்று ஒரு ஸ்பெயின்காரி கேமராவைத் தூக்கினாள். வேலாயியின் உதடு அசையவில்லை. கழிப்பறைக் கதவைக் காட்டினாள். அழகம்மாவைக் காட்டினாள். செடியைக் காட்டினாள்.

"மே தா ரபியா."

கேமரா இறங்கியது. தர்ஷன் இளித்தபடி குறுக்கே வந்து ஏதோ சொல்லப் பார்த்தான். அந்தப் பெண் உள்ளங்கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். கதவைக் காட்டி ஏதோ கேட்டாள். அவன் சாவியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

வேலாயி அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினாள்.

"அக்கா, என் வேல போயிரும்க்கா!"

"ஒனக்கு வேல போவும். எங்களுக்கு அடக்கி அடக்கி உசுரே போவுதுடா!"

பூட்டைத் திறந்து அழகம்மாவை உள்ளே தள்ளினாள். தர்ஷன் சாவிக்குக் கை நீட்டினான். வேலாயி அவனைப் பார்த்துக்கொண்டே அதை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.