டிவிக்குக் கீழே ஓர் இடம்

போன செவ்வாய்க்கிழமை மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில், மண்டை கொதிக்கும் வெயிலில், அளவுநாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரு வீட்டு வளவுக்குள் அரை நாள் ஓடினேன். மறுநுனியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். நாங்கள் தேடியது புதையல் அல்ல... கக்கூசுக்குக் குழி வெட்ட ஓர் இடம்!

வீடு கட்டப்போகிறவர் ஜெசிந்தா. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தவர். கணவனும் மூன்று பிள்ளைகளுமாக, மூத்த அண்ணன் பெனடிக்ற் வீட்டு விறாந்தையில் சீலை கட்டி மறைத்துக்கொண்டு இருக்கிறார். வீட்டுத்திட்டத்தில் இப்போதுதான் பெயர் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பிளானில் பரிசோதகரின் கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் வீடு பட்டியலில் அடுத்த ஆளுக்கு.

பத்திரிகையில் எழுதுகிற என்னை ஏன் கூப்பிட்டார்கள்?

"பேப்பர்காரர் பக்கத்தில நிண்டா சேர் கொஞ்சம் இரங்குவார்" என்றார் பெனடிக்ற்.

சேர் இரங்கவில்லை. நாடாவைத் தந்தார்.

விதி எளிது. குழி எந்தக் கிணற்றுக்கும் ஐம்பது அடி தள்ளி இருக்க வேண்டும். சிக்கல் எங்கே? கிணறுகளில்!

ஜெசிந்தாவின் அப்பா காலத்தில் அது நாலு பரப்பு வளவு, கால் ஏக்கர். நடுவில் ஒரு வீடு, கிழக்கு மூலையில் ஒரு கிணறு. பிள்ளைகள் நாலு பேர். ஆளுக்கு ஒரு பரப்பு என்று உறுதிப் பத்திரம் எழுதினார்கள். கூடவே வழக்கமான அந்த வரியும் - 'கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்.' பங்குக் கிணறு என்றால் தெரியும்தானே? யார் முதலில் அள்ளுவது, யார் கயிற்றை அறுத்தது... பேச்சு முற்றி, மூன்று அண்ணன்மாரும் தங்கள் தங்கள் துண்டில் ஆளுக்கொரு கிணறு வெட்டிவிட்டார்கள். மன்னார் மணலில் அது பெரிய வேலையும் இல்லை.

மேற்கே அளந்தால் நடு அண்ணனின் கிணறு இடித்தது. தெற்கே போனால் சின்ன அண்ணனுடையது. பரிசோதகர் களைத்துப்போய்க் கதிரையில் உட்கார்ந்து பிளானை விரித்தார். வட்டம் கீறிப் பார்க்கலாம் என்றார். கவராயம் இல்லை. பெனடிக்றின் மனைவி றீற்றா கையிலிருந்த காப்பைக் கழற்றி வைத்தார். பிளானின் கணக்கில் ஐம்பது அடிக்கு அச்சொட்டான அளவு!

கிணற்றுக்கு ஒன்றாக நாலு வட்டம். வளவு முழுவதும் வட்டத்துக்குள் போய்விட்டது. நடுவில் மட்டும் ஒரு பொட்டு வெள்ளை.

"இடம் கிடக்குது!" என்று கத்தினார் ஜெசிந்தா.

எல்லோரும் ஓடினோம். முற்றத்தைத் தாண்டி, விறாந்தையைத் தாண்டி, சீலைத் திரையை விலக்கி... போய் நின்றது பெனடிக்றின் ஹோலில். டிவிக்கு நேர் கீழே!

"சட்டப்படி இதில வெட்டலாம்" என்றார் பரிசோதகர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"என்ர டிவிக்குக் கீழயோ?" என்றார் றீற்றா.

"நியூஸ் நேரத்தில எழும்பத் தேவையில்லை" என்றார் பெனடிக்ற்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். முதலில் நிறுத்தியவர் ஜெசிந்தா. "அப்ப வெள்ளிக்கிழமை நான் என்னண்டு கையெழுத்து வாங்குறது, அண்ணை?"

றீற்றாவின் கண் மட்டும் பிளானில் இருந்தது.

"அது சரி சேர்... இப்ப இருக்கிற மூண்டு குழியும்?"

"எல்லாம் வட்டத்துக்குள்ளதான், அக்கா."

"அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் குடிச்சது?"

பரிசோதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கையிலிருந்த தேத்தண்ணி ஏற்கெனவே அரைவாசி முடிந்திருந்தது.

"சின்னவன்ர குழிக்கும் என்ர கிணத்துக்கும் எத்தினை அடி?"

"பதினெட்டு."

"ஐயோ மாதாவே! அவன்ர வீட்டில ஒரு மிடறு தண்ணியும் குடிக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்ணியிருக்கிறன்!"

யோசித்துப் பாருங்கள். ஒரு வீடு இருந்த இடத்தில் நாலு வீடு. நாளைக்கு எட்டு. ஆட்கள் கூடுகிறார்கள், தீவு கூடுவதில்லை. வளவைப் பிரிக்கலாம், மதில் கட்டலாம், பேச்சை நிறுத்தலாம். மணலுக்குக் கீழே தண்ணீர் ஒன்றுதான். அங்கே எல்லோரும் கூட்டுக் குடும்பம்!

"மூடுங்கோ!" என்றார் றீற்றா. "என்ர கிணத்தை இண்டைக்கே மூடுங்கோ."

பரிசோதகர் மூன்று வட்டங்களை அழித்தார். அப்பாவின் கிழக்குக் கிணறு மட்டும் மிஞ்சியது. மேற்கே, மாதா கோயில் மைதானத்துப் பக்கம், ஜெசிந்தாவின் துண்டு முழுசாக வெளியே வந்தது. மற்ற இரண்டு அண்ணன்மாரும் முதலில் முரண்டு பிடித்தார்கள். றீற்றா மதிலுக்கு மேலால் ஒவ்வொருவருக்கும் அவரவர் அடிக்கணக்கை உரத்து வாசித்தார். அதோடு சரி.

வியாழன் பின்னேரம் மூன்று கிணற்றுக்குள்ளும் மணல். பழைய குழிகளையும் மேற்கே மாற்றுவதாக மூவரும் எழுதிக் கொடுத்தார்கள். அதுவரை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு, வெள்ளி காலை பரிசோதகர் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை எட்டிப் பார்த்தேன். ஒரு கிணறு, நாலு குடும்பம், பன்னிரண்டு வாளி. இடித்துக்கொண்டு முன்னே வந்த றீற்றாவை ஜெசிந்தா மறித்தார்.

"மச்சாள், முகாமில இருபது வருசம் பைப்படியில நிண்டனான். வாளிய வச்சிட்டுப் பின்னால போங்கோ. உங்களுக்கு நான் பழக்கிறன்."

சண்டை நின்றுவிட்டதா என்று கேட்காதீர்கள். இப்போது வரிசையில் நடக்கிறது... அவ்வளவுதான்!