ஒருமன உபவாசம்

எங்கள் சபையில் யாரும் நேராகப் பாஸ்டரிடம் போய் எதையும் கேட்டுவிட முடியாது. காய்ச்சலோ, கல்யாணமோ, வீடு மாறுவதோ, எதுவானாலும் முதலில் அந்த ஏரியா மூப்பரிடம் சொல்ல வேண்டும். மூப்பர் பாஸ்டரிடம் சொல்வார். பாஸ்டர் ஜெபித்துவிட்டுச் சொல்லும் பதிலை மூப்பர் வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பார். இதற்கு ‘ஒழுங்கு’ என்று பெயர். வெளியாட்களுக்கு இது தாலுகா ஆபீஸ் மாதிரி தெரியலாம். எனக்குப் பிடித்திருந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் வால்வு செய்யும் பட்டறை ஒன்றில் அளவு சரிபார்ப்பது என் வேலை. மயிரிழை கூடினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்புகிறவன் நான். பட்டறையில் என்னைக் கண்டால் பலருக்கு ஆகாது. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதும் இல்லை.

போன வருஷம் என்னை மயிலாப்பூர், மந்தைவெளி ஏரியாவுக்கு மூப்பராக வைத்தார்கள். பதினோரு குடும்பங்கள். அதில் ஒன்று என் அக்கா.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் போன பிறகு மந்தைவெளியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள். மெட்ரோவுக்காகத் தெருவையே குடைந்துகொண்டிருந்த சமயம். பகலெல்லாம் தரை அதிரும். அவள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டே இருக்கும். எப்படி இங்கே இருக்கிறாய் என்று கேட்டால் பழகிவிட்டது என்பாள். என்னை இந்தச் சபைக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே அவள்தான். ஆனால் நான் மூப்பரான அன்றிலிருந்து சபைக்குள் என்னை ‘நீங்க’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். மூக்கு ஒழுகத் திரிந்தவனைப் பார்த்து இது என்ன வேஷம் என்று முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கூச்சம் போய்விட்டது. கேட்க நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தி. நகரில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி ஹாலில்தான் எங்கள் ஆராதனை. வாடகை இடம். பாலவாக்கத்தில் சபை வாங்கிய மனைக்கு எல்லோரும் போய்விட வேண்டும் என்று பாதிப் பேர், அவ்வளவு தூரம் யார் போவது என்று மீதிப் பேர். ஆறு மாதத்தில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரு தரப்பு இடது பக்கமும் இன்னொரு தரப்பு வலது பக்கமும் உட்கார்ந்தார்கள். ஒருவருக்கொருவர் ‘ஸ்தோத்திரம்’ சொல்வதுகூட நின்றுபோனது. அந்த நிலைமையில்தான் பாஸ்டர் இருபத்தொரு நாள் ஒருமன உபவாசம் அறிவித்தார். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை தண்ணீர் மட்டும். பகல் முழுவதும் ஹாலில் முறை வைத்துச் சங்கிலி ஜெபம். எல்லோரும் ஒரே சரீரம், ஒருவர் விட்டாலும் அத்தனை பேருக்கும் அது முறிந்தது போலத்தான் என்றார். உடம்புக்கு முடியாதவர்கள் மட்டும் மூப்பர் வழியாக விலக்குக் கேட்டுக்கொள்ளலாம்.

பாஸ்டரைக் கொடுமைக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. விலக்குக் கேட்ட யாருக்கும் அவர் இல்லை என்று சொன்னதும் இல்லை.

உபவாசத்துக்கு முந்தின ஞாயிறு அக்கா என்னை மாடிப்படியில் நிறுத்தினாள். “எனக்குச் சுகர் இருக்கறது உங்களுக்குத் தெரியுமே. மத்தியானம் ரெண்டு இட்லி மட்டும் சாப்பிட்டுக்கறேன். ஐயாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?” என்றாள். கேட்கிறேன் என்றேன். கேட்கத்தான் நினைத்தேன்.

அன்று மாலை மூப்பர்கள் கூடினோம். ஒவ்வொருவராக விலக்குப் பட்டியலை வாசித்தார்கள். நங்கநல்லூர் மூப்பர் ஐந்து பேர் என்றார். அடையாறு மூப்பர் எட்டுப் பேர். பாஸ்டர் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றார். எட்டாவது பேருக்கு வந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பரவாயில்லை, உபவாசத்தில் நிற்கிறவர்கள் நிற்கட்டும் என்றார். அவ்வளவுதான். அந்தக் குரலில் இருந்த சோர்வு எனக்குத் தாங்கவில்லை. என் முறை வந்தது. உங்க ஏரியாவில் எப்படி பிரதர் என்று கேட்டார்.

“எல்லாரும் நிக்கிறாங்க ஐயா” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துபோனது. அந்த அறையில் அப்போது எனக்குக் கிடைத்த மரியாதைக்காக நான் வேறு எதையும் கொடுத்திருப்பேன். கொடுத்தது அக்காவை.

வீட்டுக்குப் போகும் வழியில் அவளைப் பார்த்தேன். ஐயா ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் அதற்கும் மேலே போனேன். “கேட்டேன்கா. கர்த்தர் பெலன் தருவார், நில்லுங்கன்னு சொன்னார்” என்றேன். பாஸ்டர் சொல்லாத சொல்லை, பாஸ்டர் சொல்கிற மாதிரியே சொன்னேன். அக்கா கண்ணை மூடித் தலையாட்டினாள். ஐயாவே சொல்லிவிட்டால் பிறகு என்ன என்றாள். மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டாள். அதில் தப்பில்லை, வேளை தவறாமல் போட்டுக்கொள் என்றேன். பெரிய சலுகை கொடுத்துவிட்டவன் மாதிரி இறங்கி வந்தேன். வெறும் வயிற்றில் அந்த மாத்திரைதான் ஆபத்து என்பது எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு போன் போதும். செய்யவில்லை.

நாலாம் நாள், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த அக்காவுக்கு ரவிக்கை முதுகு முழுவதும் நனைந்திருந்தது. எட்டாம் நாள் பட்டறைக்கு போன் செய்து, சாயங்காலம் வருவாயா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். வைத்த ஐந்தாவது நிமிஷம் மறுபடி கூப்பிட்டு அதையே கேட்டாள். பத்தாம் நாள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். பெண்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நான் அளவு பார்க்கிறவன். ஒவ்வொன்றையும் பார்த்தேன். பார்த்து ஒதுக்கி வைத்தேன்.

பதினோராம் நாள் அக்கா வீட்டுக் கீழ்த்தளத்து மாமி என்னை வாசலில் நிறுத்தினார். “நேத்திக்கு மத்தியானம் உங்க அக்கா மாடிப்படியிலே உக்காந்துண்டிருந்தா. கூப்பிட்டாத் திரும்பலை. தொட்டுப் பாத்தேன், கையெல்லாம் சில்லுன்னு இருந்தது. எங்காத்துலேயும் அவருக்குச் சுகர்தான். ஏகாதசின்னா நான் பட்டினி இருப்பேன், அவருக்கு வேளைக்குச் சாதம் போட்டுடுவேன். பகவான் கோச்சுக்க மாட்டார். கொஞ்சம் சொல்லுங்கோ அவகிட்டே” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் உபவாசத்தைப் பற்றி எனக்கு இவர் பாடம் எடுப்பதா? நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் மாமி என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அவர் சொன்னது சரி என்று தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம். அன்றைக்கே மேலே ஏறிப் போய், நான் கேட்கவே இல்லை அக்கா, சாப்பிடு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பதினோரு குடும்பமும் நிற்கிறது என்ற பேர் போய்விடும். இன்னும் பத்து நாள்தானே என்று கணக்குப் போட்டேன்.

இதற்குள் சபையில் இரு தரப்பும் பேச ஆரம்பித்திருந்தார்கள். இடது பக்கத்தில் இருந்த ஒருவர் எழுந்து வந்து வலது பக்கத்தில் உட்கார்ந்தார், கட்டிப்பிடித்து அழுதார்கள். பாஸ்டரின் முகத்தில் தெளிச்சி வந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் உபவாசம் பலிக்கிறது என்ற பேச்சு. நான் மட்டும் ஹாலுக்குள் நுழையும்போதெல்லாம் அக்கா இருந்த பக்கம் பார்க்காமல் முன்னால் போய் உட்கார்ந்தேன். மூப்பர் என்றால் முன்னால்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

பதினேழாம் நாள் சனிக்கிழமை. மத்தியானம் மூன்று மணி முறைக்கு என் ஏரியா. முப்பது பேர் இருப்போம். மழை இருட்டிக்கொண்டு நின்றது, பெய்யவில்லை. அக்கா மூன்றாவது வரிசையில் முழங்காலில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள்கள் நடுங்க ஆரம்பித்தன. பிறகு கை. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. வாயிலிருந்து ஏதோ குழறலாக வந்தது. வார்த்தை மாதிரி இருந்தது, வார்த்தை இல்லை.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் சபையில் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற்றவர்கள் ஜெபத்தில் யாருக்கும் புரியாத சொற்களாகப் பேசுவார்கள், அதை அந்நிய பாஷை என்போம். அக்கா பதினெட்டு வருஷமாகக் காத்திருந்தும் அவளுக்கு அது வரவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, அவளிடம் ஏதோ குறை இருக்கிறது என்று சிலர் நினைத்தது அவளுக்கும் தெரியும். அதனால் அவள் குழறியதும் பின்வரிசையில் ஒரு சிஸ்டர் ஸ்தோத்திரம் என்று குரல் கொடுத்தார். இன்னொருவர் ஓடிவந்து அவள் தலையில் கை வைத்தார். சுற்றிலும் கூடிவிட்டார்கள். கை தட்டினார்கள், அழுதார்கள், பாடினார்கள். நானும் அழுதேன். நான் சொன்ன பொய்யைக்கூட கர்த்தர் நன்மையாக மாற்றிவிட்டார் என்று நினைத்து அழுதேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று பிறகு கணக்குப் பார்த்தேன். முக்கால் மணி நேரம்.

வழியை மறித்து நின்ற ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லிக் கட்டடத்து வாட்ச்மேன் மேலே வந்தார். வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“இன்னா சார் பாட்டு பாடிக்கினு கீறீங்க? அந்தம்மாக்கு சுகர் எறங்கிக்கினு கீது. எங்கம்மாக்கும் இப்டித்தான் ஆவும். சக்கரை இருந்தா குடு சார், சீக்கிரம்.”

முப்பது பேர். ஒருவர் பையிலும் ஒரு பிஸ்கட் இல்லை, ஒரு மிட்டாய் இல்லை. உபவாசமாயிற்றே. அவரே டீக்கடைக்கு ஓடிப் போய்ச் சர்க்கரை கொண்டுவந்தார். அதற்குள் அக்கா பக்கவாட்டில் சரிந்துவிட்டாள். உதட்டுக்கு உள்பக்கம் சர்க்கரையைத் தடவிவிட்டு, கீழே ஆட்டோவை நிறுத்தி, அவளைத் தூக்கி என் மடியில் கிடத்தியவரும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா, சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போடச் சொன்னது யார் என்று கேட்டார். உபவாசம் என்றேன். அது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. அக்கா இரண்டு நாள் கண் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் நான் ஜெபிக்கவில்லை. வாய் வரவில்லை, பயமாக இருந்தது. மூன்றாம் நாள் விழித்தாள். வலது கால் இழுத்தது. தெரிந்த சாமான்களுக்கே பெயர் வராமல் தேடினாள். கொஞ்சம் சரியாகும், முழுசாக ஆகுமா என்று சொல்ல முடியாது என்றார்கள்.

அன்று மாலை பாஸ்டர் வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

“ஏம்மா, சுகர் இருக்குன்னு ஒரு வார்த்தை எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேனே” என்றார்.

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தாள். பேச்சுத்தான் தடுமாறியதே தவிர, புத்தியில் ஒரு குறையும் இல்லை. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கேக்கணும்னு... தோணல ஐயா. என் தப்புதான்” என்றாள்.

அவர் போனதும் அவள் பக்கத்தில் போனேன். அக்கா என்று ஆரம்பித்தேன். பேசாதே என்பது போலக் கையைத் தூக்கினாள். சபை இப்போதுதான் ஒன்றாகியிருக்கிறது, நீ வாயைத் திறந்தால் மறுபடியும் இரண்டாகிவிடும் என்பதைத் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள். சபைக்காகச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா என்று இன்றைக்கும் தெரியாது. கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

விஷயம் அதோடு நிற்கவில்லை. முடியாத பெண்ணைக் கட்டாயப்படுத்திப் பட்டினி போட்டுவிட்டார்கள் என்று பாலவாக்கம் தரப்பில் ஒரு பேச்சு கிளம்பியது. மறுபடியும் இரண்டு பக்கமாக உட்கார ஆரம்பிப்பார்களோ என்ற பயம் எல்லோருக்கும் வந்தது. மூப்பர்கள் கூடினோம். கட்டாயம் எதுவும் இல்லை, விலக்குக் கேட்கும் வழி இருந்தும் கேட்காமல் அந்தச் சகோதரியே உடம்பை வருத்திக்கொண்டார் என்று சபைக்குத் தெரிவிப்பது என முடிவாயிற்று. ஒழுங்கை மீறியதற்கு ஒரு மாதம் திருவிருந்தில், அதாவது முதல் ஞாயிறு கொடுக்கும் அப்பத்திலும் ரசத்திலும், அவளுக்குப் பங்கு கிடையாது. பாஸ்டர் என்னைத் தனியாகப் பார்த்துக் கேட்டார். சொந்த அக்கா, உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் சொல்லுங்கள் பிரதர், விட்டுவிடலாம் என்றார். ஒரு வார்த்தை போதும். இதைவிட அகலமாக யாரும் கதவைத் திறந்துவைக்க முடியாது.

“ஒழுங்கு எல்லாருக்கும் ஒண்ணுதானே ஐயா” என்றேன்.

மற்ற மூப்பர்கள் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். அக்காவிடம் தீர்மானத்தைச் சொல்ல ஏரியா மூப்பர் என்ற முறையில் என்னைத்தான் அனுப்பினார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சரி என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போகிறாயா என்று கேட்டாள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு. வர வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும் அக்கா தடி ஊன்றிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தாள். வழக்கமான மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அப்பத் தட்டு கொண்டுபோக வேண்டியது என் முறை. ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்தேன். அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் நிற்காமல் தட்டை அவளைத் தாண்டி அடுத்தவரிடம் நீட்டினேன். அந்தச் சிஸ்டர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுக்காமல் தட்டை அக்கா பக்கமாகவே மெல்லத் தள்ளினார்.

நான் குனிந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னேன்.

“அவங்களுக்கு இல்ல சிஸ்டர். நீங்க எடுத்துக்கங்க.”