முதல் வாரத்து ஐந்து நட்சத்திரம்

நீலகிரியில், கட்டபெட்டில் தேயிலை எடை போடும் ஷெட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். மூட்டையின் வாயில் இளங்கொழுந்தைப் பரப்பி, அடியில் முற்றிய இலையைத் திணிப்பது எங்கள் ஊரில் பலரும் செய்ததுதான். என் அப்பா செய்தார், நானும் செய்திருக்கிறேன். அதனால்தான் இலை வாங்கும் ஏஜென்ட் மூட்டைக்குள் தோள்வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி இழுத்துப் பார்ப்பார். இத்தனையும் தெரிந்த நான் கம்ப்யூட்டர் சாமான் வாங்கும்போது மட்டும் மேல்பிடியைப் பார்த்துவிட்டு வாங்கினேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

தேயிலை விலை படுத்துவிட்ட வருடங்கள் அவை. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கடைவீதியில் ஓர் அறை பிடித்து, ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டருமாக உட்கார்ந்தேன். விண்ணப்பம் நிரப்புவது, போட்டோ பிரிண்ட் போடுவது, போனில் இடம் தீர்ந்தவர்களின் படங்களை எடுத்துப் பத்திரப்படுத்துவது, இதுதான் பிழைப்பு. கடைசி வேலைக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் தேவைப்பட்டது. குன்னூர் கடையில் சொன்ன விலையில் பாதிக்கு ஆன்லைனில் ஒன்று கிடந்தது.

ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, வாங்கியவர்கள் எழுதியதை வாசித்தேன். 'அருமை.' 'பேக்கிங் பிரமாதம்.' 'நேற்றுதான் வந்தது, நல்ல வேகம்.' நேற்று வந்த சாமானைப் பற்றி இன்றைக்கு என்னய்யா தெரியும்? அது எனக்கு உறைக்கவே இல்லை. எங்கோ அடியில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டியிருந்தார்: 'கொஞ்ச நாள் ஓடும். நிறைந்த பிறகு ஃபைலின் பெயர் மட்டும் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது.' எடை போடும் இடத்தில் தினமும் ஒருத்தன் கத்தத்தான் செய்வான் என்று தள்ளிவிட்டேன்.

டிஸ்க் வந்த டப்பாவில் ஒரு சீட்டு இருந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டால் போனுக்கு ரீசார்ஜ். போட்டேன். 'நீலகிரியிலிருந்து எழுதுகிறேன், நம்பி வாங்கலாம்' என்று என் பங்குக்கு ஒரு வரி வேறு. டிஸ்க்கை மாட்டி அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

ஏழெட்டு மாதம் அது ஒழுங்காகத்தான் ஓடியது. அப்போதுதான் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றானதும் அவள் புருஷன் திருப்பூருக்குப் போயிருந்தான். தினமும் வேலை விட்டதும் போனில் பேசிப் பதிந்து அனுப்புவானாம். அதிலேயே போன் நிறைந்து திணறியது.

"ஏனுங்கண்ணா, அவரு பேசுனது ஒண்ணும் போயிரக் கூடாதுங்க. பத்திரமா எடுத்து வச்சுட்டு, போனைத் தொடச்சுக் குடுங்க."

எல்லாவற்றையும் டிஸ்க்கில் ஏற்றினேன். பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒன்றைக்கூடத் திறந்து கேட்கவில்லை. அடுத்தவன் பெண்டாட்டியிடம் பேசுவதை நாம் கேட்பானேன் என்ற நாகரிகம்! போனில் இருந்ததை அழித்துக் கொடுத்தேன். மறுபடி போன் நிறைய வேண்டாமென்று அதன் பிறகு அவன் பதிந்து அனுப்பாமல் நேராகவே கூப்பிட்டுப் பேசினானாம்.

மூன்று மாதத்தில் திருப்பூர் ரோட்டில் லாரி அடித்து அவன் செத்துப்போனான். அவன் போனும் நொறுங்கிவிட்டது. காரியம் முடிந்த மறுவாரம் அவள் கடைக்கு வந்தாள்.

"அவரு கொரலை ஒருவாட்டி கேக்கணுங்கண்ணா."

முதல் ஃபைலைத் தட்டினேன். திறக்கவில்லை. அடுத்ததும் திறக்கவில்லை. நாளைக்கு வாம்மா என்று அனுப்பிவிட்டு, குன்னூரில் ரிப்பேர் பார்ப்பவரிடம் ஓடினேன். அவர் டிஸ்க்கைப் பிரித்துக் காட்டினார். அவ்வளவு பெரிய கூட்டுக்குள் நகம் அளவு மெமரி கார்டு ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"மேல எழுதியிருக்கறதுல பத்துல ஒரு பங்குகூட இது கொள்ளாதுங்க. நெறஞ்சதுக்கப்புறம் போட்டதெல்லாம் போனதுதான்."

அன்று வீட்டுக்குக்கூடப் போகாமல் கடையைத் திறந்து நான் எழுதியிருந்ததைத் தேடினேன். அது உதவியாக இருந்தது என்று பதினோரு பேர் தட்டியிருந்தார்கள். நட்சத்திரத்தை ஒன்றாக்கி, நடந்ததை எல்லாம் எழுதினேன். அதற்குள் புதிதாக ஒருவர் எழுதியிருந்தார்: 'இன்றுதான் வந்தது, சூப்பர்.' என்னுடையது அடிக்குப் போய்விட்டது.

மறுநாள் அவளிடம் உள்ளதைச் சொன்னேன். திட்டுவாள், திட்டட்டும் என்றுதான் இருந்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரெல்லாம் இருக்குதேங்கண்ணா?"

"பேரு மட்டுந்தான் இருக்கும்மா. பேருங்கறது அனுப்புன தேதியும் நேரமுந்தான்."

அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். "இது பொங்கலுக்கு மொத நாளு. லீவு கெடைக்கலன்னு சொன்னாரு. இது சளி புடிச்சுக் கெடந்தப்ப." கொஞ்ச தூரம் போனதும் விரல் நின்றுவிட்டது. "இதுல என்ன சொன்னாருன்னு நெனப்பு வரலைங்க."

அந்தப் பெயர்களையாவது தாளில் அடித்துத் தரச் சொன்னாள். நான்கு தாள் வந்தது. மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"நீங்க ஒண்ணையாவது கேட்டிருப்பீங்களேங்கண்ணா? என்ன பேசுனாருன்னு சொல்லுங்க."

"இல்லம்மா," என்றேன். "ஒண்ணக்கூட நான் கேக்கலை."