ஏழாவது வளைவில் தேங்காய் உருண்ட பக்கம்

என் மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். அவள் கல்லூரியில் தற்காப்புப் பயிற்சியாம். ஒரே நிற டீ-சர்ட்டில் பெண்கள் வரிசையாக நின்று காலை வீசுகிறார்கள்; ஒலிபெருக்கியில் பாட்டு அலறுகிறது. எல்லார் வாயும் திறந்திருக்கிறது, ஒரு சத்தமும் கேட்கவில்லை. "கத்துறீங்களா, கொட்டாவி விடுறீங்களா?" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போனைப் பிடுங்கிப் போய்விட்டாள். கேலிக்காகக் கேட்கவில்லை. சத்தம் வராமல் வாயைத் திறப்பதில் எனக்கு முறையான பயிற்சி உண்டு.

எண்பதுகளின் நடுவில் நான் ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி, சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் படித்தேன். ஊரெல்லாம் கராத்தே பைத்தியம் பிடித்திருந்த நேரம். அது எங்கள் கல்லூரிக்கும் தொற்றி, ஒரு மாஸ்டர் வந்தார். வெள்ளை உடுப்பு, கறுப்பு பெல்ட், உடம்பெல்லாம் தலைவலித் தைல வாசனை. இன்றும் பக்கத்தில் யாராவது தைலம் தேய்த்தால் என் வலது முழங்கால் தானாக மடங்கும்.

நல்ல மனிதர்தான். "ஒவ்வொரு அடிக்கும் அடிவயித்துல இருந்து கத்தணும்மா. பாதிச் சண்டை அதுலயே முடிஞ்சிரும்" என்றார். முதல் நாள் கத்தினோம். மறுநாளே பிரின்சிபால் அம்மா வந்துவிட்டார். "பொம்பளப் புள்ளைங்க கத்துறது ரோடு வரைக்கும் கேக்குது. அடிக்கட்டும், சத்தம் வேண்டாம்." அதன்பிறகு வாயை மட்டும் திறந்தோம். உதைக்கலாம் என்றால் பாவாடை காலை முழங்காலுக்கு மேல் விடாது. ஆக, யாருக்கும் வலிக்காத, யாருக்கும் கேட்காத ஒரு தற்காப்பு.

அது எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? சாயங்கால பஸ்தான். அடிவாரம் தாண்டி முதல் வளைவு வந்ததும் சில ஆண்களுக்கு எலும்பு கரைந்துவிடும். பஸ் திரும்புகிற சாக்கில் மேலே வந்து விழுவார்கள். கேட்டால், "வளைவுங்க." வளைவு மேல் யார் புகார் கொடுப்பது?

அதோடு, கல்லூரியில் சேர்த்த அன்றே அத்தா சொல்லிவிட்டார். என் அப்பாதான், ஏற்காடு பஜாரில் குடையும் கம்பளியும் விற்கிற கடை அவருடையது. "உன்னைப் பத்தி பஸ்ஸுல ஒரு பேச்சு வந்துச்சுன்னு என் காதுல விழுந்தா, அன்னைக்கே படிப்பு நின்னுரும் கண்ணு." மேலே விழுகிறவன் பெயரில் பேச்சு வராது, என் பெயரில்தான் வரும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் நல்ல கூட்டம். செம்மநத்தம் போகிற ஒரு அம்மா, தேங்காய் மூட்டையோடு என் காலடியில் உட்கார்ந்திருந்தார். என் இடது பக்கம் இஸ்திரி கலையாத சட்டையில் ஒரு ஆள். ஏழாவது வளைவில் பஸ் வலது பக்கம் திரும்பியது. அவன் முழு எடையோடு என் மேல் விழுந்தான். கை மட்டும் தனியாக வேறு விழுந்தது. நான் யோசிக்கவில்லை. கல்லூரியில் அடக்கிவைத்த கத்தல் அத்தனையும் அடிவயிற்றிலிருந்து ஒரே மூச்சில் வந்தது. டிரைவர் பிரேக் அடித்துவிட்டார்.

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவனை இல்லை, என்னை.

"பஸ்ஸு திரும்புச்சுங்க, நான் என்ன பண்றது? படிக்கிற புள்ள எப்படிக் கத்துது பாருங்க" என்றான். சிலர் தலையாட்டினார்கள். என் படிப்பு முடிந்தது என்று நினைத்தேன்.

தேங்காய்க்கார அம்மா எழுந்தார். மூட்டை வாய் அவிழ்ந்து, தேங்காயெல்லாம் இடது பக்க சீட்டுக்கு அடியில் கிடந்தன. "ஏனுங்க, என்ற தேங்காயெல்லாம் எடது பக்கம் ஓடுது. நீங்க மட்டும் எப்படிங்க வலது பக்கம் வந்தீங்க?"

பஸ்ஸில் இருந்தவர்கள் மலைக்காரர்கள். எந்த வளைவில் உடம்பு எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்து, தூக்கத்திலும் சரியான பக்கம் சாய்கிறவர்கள். எல்லாரும் குனிந்து தேங்காயைப் பார்த்தார்கள். பிறகு அவனைப் பார்த்தார்கள்.

"சார் மட்டும் வேற பஸ்ஸுல வராருங்க" என்றது ஒரு குரல். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் கதவைத் திறந்தார். "எறங்குங்க சார். நடந்தே வாங்க, வளைவு நொம்ப நல்லாப் பழகிரும்."

பஸ்ஸைவிட்டு இறங்கி நான் கடைக்கு நடப்பதற்குள் பேச்சு முந்திக்கொண்டது. அத்தா கம்பளி மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எத்தனாவது வளைவு?"

"ஏழு, அத்தா."

கம்பளியைக் கீழே வைத்தார். ஸ்டீயரிங் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் வலது பக்கம் திருப்பினார். உடம்பை இடது பக்கம் சாய்த்தார். இன்னொரு முறை செய்து பார்த்தார்.

"காலைல பஸ்ஸுக்குப் போகணும்ல? போய்ச் சாப்பிட்டுத் தூங்கு கண்ணு" என்றார்.

விஷயம் கல்லூரிக்கும் போனது. அங்கே தேங்காய் சாட்சி எடுபடவில்லை. பெண்களுக்குக் கத்தக் கற்றுக்கொடுத்தார் என்று மாஸ்டரை நிறுத்திவிட்டார்கள். கத்தவே விடாத மனிதர்கள், கத்தலுக்காக அவரை நிறுத்தினார்கள்! பாதிப் பயிற்சிக்கு எல்லாருக்கும் சான்றிதழ் மட்டும் தவறாமல் வந்தது.

போன மாதம் ஏற்காடு போயிருந்தேன். காரில்தான், பொய் எதற்கு. அத்தா இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் சாக்லேட் விற்கிறார்கள். விற்கிற இளைஞனுக்கு அடிவாரத்துப் பக்கம் ஊடாம், தினமும் மேலே வருகிறானாம். சும்மா கேட்டேன்.

"ஏழாவது வளைவு வலது பக்கம் திரும்புறப்ப, உடம்பு எந்தப் பக்கம் தம்பி சாயும்?"

"வலது பக்கந்தானுங்க அக்கா" என்றான், யோசிக்காமல்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பைக்கில் வருகிறவன்.