மூக்கில்லாத கிளிகள்

படித்து முடித்த கையோடு கோயமுத்தூர்ப் பக்கத்துப் பனியன் ஊரில், ராயபுரத்தில், ஓர் எம்பிராய்டரி யூனிட்டில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். லினக்ஸ் என்றால் எனக்குச் சோறு வேண்டாம். டிசைன்கள் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் ஒருநாள் 'டக், டக்' என்று முனக ஆரம்பித்தது. உடனே புதியது வாங்கினோம்.

டிசைன்கள் எல்லாம் ஓர் அக்கா போட்டவை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சர்க்கரையால் கண் மங்கிக்கொண்டே வந்ததால் மாதக் கடைசியில் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தார். "எம் பொம்மையெல்லாம் ஒரு சிடில போட்டுத் தா தம்பி. இனிமே என்னால போட முடியாதுல்லா" என்றார். முதலாளியும் சம்மதித்திருந்தார்.

டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போதே அதில் அதிகபட்சம் எத்தனை ஃபைல் வைக்கலாம் என்று முடிவுசெய்துவிட வேண்டும். ரேக் அடிக்கும்போதே அறைகளைத் தீர்மானிக்கிற மாதிரி. பிறகு கூட்ட முடியாது.

"வெளிநாட்டுல இருந்து பையர் அனுப்புற போட்டோவெல்லாம் பெருசு பெருசா வருதுங்க தம்பி. அதுக்குத் தகுந்தாப்ல போட்டுருங்க" என்றார் முதலாளி.

"டிசைன் எத்தனைங்க இருக்கும்?"

"ரெண்டாயிரம் இருக்குமுங்க."

அக்காவும் தலையாட்டினார். அந்த ரெண்டாயிரத்துக்குத் தாராளமாகப் பல மடங்கு வைத்தேன். பெரிய அறைகள், வழக்கத்தைவிடக் குறைந்த எண்ணிக்கை.

அந்த யூனிட்டில் கிளி என்றால் ஒரு டிசைன். ஆனால் மெஷின் பழையது, ஒரு நேரத்தில் ஒரு நூல்தான் ஓட்டும். அதனால் கிளியின் ஒவ்வொரு நிறமும் தனி ஃபைல். சட்டையின் ஒவ்வொரு சைஸுக்கும் மறுபடி தனி. அப்படி யாரும் அங்கே எண்ணுவதில்லை. தைத்து முடித்த பனியனைக் கை, கழுத்து, உடம்பு என்றா எண்ணுவார்கள்?

நிறவாரியாக ஃபோல்டர்கள். பிளாக், புளூ, கிரீன் என்று புது டிஸ்க்கில் வரிசையாக ஏறின. ரெட் தொடங்கியதும் 'இடமில்லை' என்று நின்றது. பார்த்தால் டிஸ்க்கில் பாதிக்குமேல் காலி.

"ஏனுங்க தம்பி, காலி ஊட்டுல குடியேற எடமில்லீங்களா?" என்று முதலாளி சிரித்தார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இடம் இருக்கிறது, அறைகள்தான் தீர்ந்துவிட்டன. மிச்சத்தை ஒரே ஃபைலாகக் கட்டி ஏற்றிவிடலாம் என்று அவசரமாகத் தட்டினேன். கட்டி முடிப்பதற்குள் பழைய டிஸ்க் இரண்டு முறை முனகிவிட்டு அடங்கியது. கோயமுத்தூருக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். திறந்து பார்த்த ரிப்பேர்க்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

தப்பித்ததைச் சிடியில் போட்டுக் கொடுத்தேன். அதில் கிளியை மட்டும் அக்காவுக்காக வேஸ்ட் துணியில் ஓட்டினோம். பச்சை உடம்பு, கறுப்புக் கோடு. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி.

துணியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "எங் கிளிய மூக்கறுத்துட்டியே தம்பி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"செவப்பு நூல் எடு. ஊசியில கோத்துக் குடு."

கோத்துக் கொடுத்தேன். கறுப்புக் கோட்டை விரலால் தடவித் தடவித் தைத்தார். தையல் கோட்டைத் தாண்டிக் கழுத்தில் ஏறியது.

"சரியா இருக்கா?"

"இருக்குக்கா."

மறுபடி விரலால் தடவினார். சிரிப்பு போய்விட்டது.

"பொய் சொல்லாத. பிரிச்சிரு" என்று துணியை என்னிடம் நீட்டினார்.

பிரித்தேன். நூல் வந்துவிட்டது, ஊசி போன ஓட்டைகள் மட்டும் துணியில் நின்றன. அதை மடித்து, சிடியோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.