சிவப்பு நூல் தெரியும்வரை

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தங்கச்சி எழுதிக்கொள்வது. எழுதப் பயமாகத்தான் இருக்கிறது. அக்காவின் ஒரே மகள், என் பெறாமகள் ஜெனி, "அம்மாவோட கடைசி வரைக்கும் நிண்டது நீங்கள்தானே சித்தி, நீங்கள்தான் எழுத வேணும்" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இந்த நாலு வரி எழுதுவதற்குள் அடுப்பை நிப்பாட்டினேனா என்று எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இருக்கிறேன். பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா யாழ்ப்பாணம் பாசையூரில், கடலை நம்பிச் சீவித்த வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் சின்னவளாக இருக்கும்போதே எங்கள் அம்மா படுக்கையில் விழுந்துவிட்டார். அக்கா தையல் வேலைக்குப் போனார். நான் படிப்பை விட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். இடம்பெயர்ந்து போன காலத்தில் அக்கா ஒரு கையில் அம்மாவின் மருந்துப் பையையும் மற்றக் கையில் என்னையும் பிடித்துக்கொண்டு நடந்தது இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்பவே நான் பயந்தவள். "பின்னாலை ஆரோ வாறாங்கள் அக்கா" என்று நிமிசத்துக்கு ஒருக்கால் சொல்லுவேன். "வந்தா வரட்டும். நீ முன்னுக்குப் பார்த்து நட" என்பார்.

அத்தானைக் கைப்பிடித்துக் கனடாவுக்கு வந்தபோது அவர்கள் முதலில் இருந்தது பார்க்டேலில். ஒரு அப்பார்ட்மென்றுக்குள் மூன்று குடும்பங்கள். அக்காவுக்கு வாகன இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. அங்கே சாப்பாட்டு நேரத்தில் ஒரு போர்த்துக்கீச அம்மா பக்கத்தில் இருந்து கொக்கி ஊசியால் மேசைவிரிப்புப் பின்னுவாவாம். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் வராது. அந்த அம்மா கையை மெதுவாக அசைத்துக் காட்டக் காட்ட, அக்கா பார்த்தே குறோசே பழகிவிட்டார். இரண்டு ஊசியால் பின்னுகிற நிற்றிங்கைப் பிறகு தானாகவே பிடித்துக்கொண்டார். எங்கள் பங்குக் கோயில் பீடத் துணியின் ஓரத்தில் ஓடுகிற வெள்ளைப் பூ வேலை அக்காவின் கை. இன்றைக்குத் திருப்பலியில் முன்வரிசையில் இருந்தவர்கள் கண்டிருப்பீர்கள்.

மல்வேர்னில் இந்த டவுன்ஹவுஸை வாங்கி, என்னையும் கூப்பிட்டுத் தங்களோடு வைத்துக்கொண்ட பிறகுதான் தோட்டம். எல்லாரும் கோடைக்குத் தக்காளியும் கத்தரியும் மிளகாயும் வைப்பார்கள். அக்காவின் தோட்டம் மற்றவர்கள் பிடுங்கிக் கூட்டி அள்ளுகிற நேரத்தில்தான் தொடங்கும். பின்கதவுக்கு இரு பக்கமும் இரண்டு பாத்தி. செவ்வந்தி, டேலியா, பூ காயக் காய நிறம் கறுத்துக்கொண்டு போகிற சீடம், குளிர் பட்டால் ஊதாவாகிற, அழகுக்கு மட்டும் வைக்கிற முட்டைக்கோவா. "சமைக்கேலாத கோவாவுக்கு என்னத்துக்கு இவ்வளவு பசளை?" என்று அத்தான் கேட்பார். "உங்களுக்கு வாயாலை மட்டும்தான் ருசி தெரியும்" என்று அக்கா சொல்லுவார். இலைகள் நிறம் மாறத் தொடங்கினால் ஒன்றிரண்டைக் கைப்பைக்குள் வைத்து நூல் கடைக்குக் கொண்டுபோய், நூல் பந்துகளோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார். கடைக்காரப் பெண் தூரத்தில் கண்டதுமே சிரித்துக்கொண்டு மேசையைத் துடைத்து வைப்பா.

போன வருசம் கோடையில் ஜெனி பிள்ளை உண்டாகியிருக்கிற செய்தி வந்தது. மாசியில் பிள்ளை. அக்காவுக்கு அன்றிலிருந்து ஒரே ஒரு ஆசை. பேரப்பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும்போது தான் பின்னின போர்வையில்தான் சுற்றிக் கொண்டுவர வேண்டும். தோட்டத்து நிறங்களிலேயே நூல் வாங்கினார். செவ்வந்தி மஞ்சள், சீடத்தின் துரு நிறம், கோவாவின் ஊதா, காய்ந்த புல்லின் நிறம்.

புரட்டாதி மாதம் ஒரு நாள், சோபாவில் கிடந்த அந்தப் போர்வையை மடித்து வைப்போம் என்று எடுத்தேன். விரித்தால் அது போர்வையாக இல்லை. அடியில் அகலமாகத் தொடங்கி, மேலே போகப் போக ஒடுங்கி, படகின் பாய் மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்து அக்கா பின்னுவதைப் பார்த்தேன். குறோசே வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகிற வேலை. அக்கா ஒவ்வொரு வரியும் முடியுமுன்னே, இடக்கைப் பக்கம் கடைசிக் கண்ணிகளை விட்டுவிட்டுத் திருப்பினார். திருப்பிய பிறகு மற்ற ஓரம் இடக்கைப் பக்கமாக வரும். அங்கேயும் விட்டார்.

"அக்கா, வரி முடியேல்லை."

"முடிஞ்சுதடி. உனக்குக் கண் தெரியேல்லையோ?"

"ஒடுங்கிக்கொண்டு போகுது அக்கா."

"அது நூலின்ரை குணம். கழுவினா விரியும்."

கழற்றி மறுபடி பின்னினார். மறுபடி பாய்தான் வந்தது. ஆயிரம் பேருக்கு அளவாகப் பின்னிய கை அது.

அடுத்தது தோட்டம். அக்காவுக்கு முழங்கால் வருத்தம். பின்கதவுப் படியில் நின்றபடியே குழாயால் தண்ணீர் விடுவார். வலப்பக்கப் பாத்தி நெருப்புப் பிடித்த மாதிரிப் பூத்து நின்றது. இடப்பக்கம் செவ்வந்தி மொட்டோடு கருகி, டேலியா தலை தொங்கி நின்றது. அக்கா தேத்தண்ணிக் கப்போடு படியில் நின்று, "இந்த முறை மாதிரி ஒரு முறையும் பூக்கேல்லை, என்ன?" என்று கேட்டார். நான் இடப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தானிடம் சொன்னேன். "இது ஃபோல் தானே தங்கச்சி. இலை விழுந்து எல்லாம் காயிற காலம். உமக்குக் காய்ஞ்ச இலையைக் கண்டாலும் பயம்" என்றார். ஜெனிக்கு ஃபோனில் சொன்னேன். "சித்தி, அம்மாக்கு வயசாகுது, அவ்வளவுதான். நீங்க சும்மா ஸ்ட்ரெஸ் பண்றீங்க" என்றாள். அவர்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் எனக்குச் சைரன் என்று பட்டம். ஆராவது தும்மினால் நியூமோனியா என்பேன். பஸ் பிந்தினால் விபத்து என்பேன். அந்தச் சைரன் இன்னொரு முறை ஊதினால் ஆர் திரும்பிப் பார்ப்பார்கள்? அக்காவின் இடத் தோளில் கதவு நிலை இடித்துக் கறுத்த கண்டல் மாறுமுன் இன்னொரு கண்டல் வந்தது. எனக்கு நித்திரை போய்விட்டது.

தாங்ஸ்கிவிங் அன்று மத்தியானம் எல்லாரும் மேசையில் இருந்தோம். ஜெனியும் மருமகனும் வந்திருந்தார்கள். ஊரெல்லாம் அன்றைக்கு வான்கோழி; சக்கை என்று அத்தான் தொடமாட்டார். எங்கள் வீட்டில் அன்றைக்கும் இறால் பொரியலும் கணவாய்க் கறியும்தான். சோறு போட்டது நான். எல்லாருடைய சாப்பாட்டுத் தட்டிலும் சோற்றுக்கு மேலே இடப்பக்கமாக இறாலை வைத்தேன்.

பாதிச் சாப்பாட்டில் அக்கா நிமிர்ந்தார். "ஏனடி, எல்லாருக்கும் இறால் வைச்சுப்போட்டு எனக்கு மட்டும் வைக்கேல்லை?"

அக்காவின் கோப்பையைப் பார்த்தேன். நடுவில் கத்தியால் கீறின மாதிரி இருந்தது. வலப்பக்கம் ஒரு சோற்றுப் பருக்கை இல்லாமல் துடைத்து வைத்திருந்தது. இடப்பக்கம் நான் போட்ட சோறு போட்டபடி, அதற்கு மேல் இறால்.

"இஞ்சாரும், உள்ளதெல்லாத்தையும் ஒதுக்கி வைச்சுக்கொண்டு இன்னும் கேக்கிறீரோ?" என்று அத்தான் சிரித்தார். மருமகனும் சிரித்தார். "என்ன ஒதுக்கினது? விசர்க்கதை கதையாதேங்கோ" என்று அக்காவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

நான் எழும்பிப் போய், ஒரு சொல்லும் பேசாமல், அந்தக் கோப்பையைச் சுற்றித் திருப்பி வைத்தேன்.

"ஆ, இப்ப சரி" என்றார் அக்கா. "எங்கையடி ஒளிச்சு வைச்சிருந்தனீ?" என்று கேட்டு, இறாலை ஒவ்வொன்றாக எடுத்து ருசித்துச் சாப்பிட்டார்.

ஜெனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாயையே பார்த்தாள். அத்தான் கை கழுவப் போனவர், தண்ணீரைத் திறந்துவிட்டபடி நெடுநேரம் அங்கேயே நின்றார். அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மூளையின் வலப்பக்கத்தில் கட்டி. டொக்டர் சொன்னதை ஜெனி எனக்குத் தமிழில் சொன்னாள். கண்ணில் பழுதில்லையாம். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிட்டதாம். விட்டது தெரியாதபடியால் அதைத் தேடவும் மாட்டாவாம். வெட்டலாம், முழுவதும் எடுக்கேலாது, திரும்ப வளரும் என்றார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாசி வரைக்கும் பின்னலாமோ எண்டு கேள்" என்றார்.

சத்திர சிகிச்சைக்குப் பிறகு, பயிற்சி கொடுக்க வந்த பிள்ளை, வாசிக்கிற தாளின் இடப்பக்க ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, அந்தச் சிவப்பைக் காணும்வரை தலையைத் திருப்பச் சொல்லிப் பழக்கினா. அதைப் பார்த்துவிட்டு நான் வீட்டில் போர்வையின் இரண்டு ஓரத்திலும் சிவப்பு நூலில் கண்ணி போட்டு வைத்தேன். சிவப்பு வரும்வரை வரி முடியவில்லை. அதுதான் சட்டம்.

"உது என்னடி கோழிக்கொண்டைச் சிவப்பு? என்ரை போர்வையைக் கெடுத்துப்போட்டாய்."

"நீங்கள் முதலிலை ஓரத்துக்கு வாங்கோ. பிறகு ஏசுங்கோ."

பாய் மறுபடி போர்வையாகியது. மெல்ல, மிக மெல்ல. இடப்பக்கப் பாத்தியின் வேலிக் கட்டையிலும் சிவப்பு நூல் கட்டினேன். உறைபனி விழுந்த காலை, அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு படியில் நின்று, தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அந்தச் சிவப்பைத் தேடிப் பிடித்தார். அங்கே கருகிக் கிடந்த செவ்வந்தித் தலைகளைக் கனநேரம் பார்த்தார்.

"அங்கையும் பூ நிண்டதோ?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

பிள்ளை பிறப்பதற்கு முந்தின கிழமை போர்வை முடிந்தது. கத்திரிக்கோலை எடுத்துச் சிவப்பைக் கழற்றப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார். "தொடாதை. அதை எடுத்தா எனக்குப் பிள்ளை எங்கை முடியுது எண்டு தெரியாது."

அந்தப் போர்வையில்தான் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அக்காவின் மடியில் வைத்தோம். சிவப்பு ஓரத்தைப் பிடித்துக்கொண்டே பார்வையைக் கொண்டுபோய், முகத்தைக் கண்டு, இன்னும் கொஞ்சம் போய், "ரெண்டு காதும் கிடக்கு" என்றார். அழுதுகொண்டிருந்த ஜெனி சிரித்துவிட்டாள்.

பிறகு வந்த மாதங்களை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் இடப்பக்கம் வைத்த சிவப்பு நூலை அக்காவால் பிடிக்க முடியாமல் போனது. கொஞ்சம் நடுவுக்குத் தள்ளிக் கட்டினேன். சில கிழமையில் அதுவும் தெரியவில்லை. இன்னும் தள்ளினேன். ஒவ்வொரு முறை தள்ளும்போதும், தண்ணீர் ஏறி வருகிற கரையில் நின்று பின்னுக்குப் பின்னுக்குப் போகிற மாதிரி இருந்தது. கடைசிக் கிழமை அந்த நூல் கட்டிலின் வலப்பக்கக் கம்பியில் இருந்தது. நாங்கள் எல்லாரும் அந்தப் பக்கத்திலேயே நெருங்கி இருந்தோம். ஆவணி மாதம் ஒரு பின்னேரம், செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது, அக்கா அந்தப் பக்கமும் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அக்கா கோபக்காரி. பிழை விட்ட பின்னலைத் தயவில்லாமல் கழற்றுவார். ஆனால் குளிர் வந்தால் தெருவில் எந்தப் பிள்ளையின் காது வெளியில் தெரிகிறதென்று பார்த்துத் தொப்பி பின்னிக் கொடுப்பார். இன்றைக்கு வந்திருக்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் அந்தத் தொப்பி இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர்மாருக்கும் நேர்சுமாருக்கும், வீட்டுக்கு வந்து அக்காவைக் குளிப்பாட்டிய பிள்ளைகளுக்கும், நூல் கடையிலிருந்து மிச்ச நூலைக் காசு வாங்காமல் அனுப்பிய அந்தப் பெண்ணுக்கும், கஞ்சியும் சொதியும் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போன அயலவர்களுக்கும், நற்கருணை கொண்டுவந்த சுவாமிக்கும், பாடற் குழுவுக்கும், அத்தானைத் தனிய விடாமல் மாறி மாறி வந்திருந்த உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆரையாவது விட்டிருந்தால், அவர்களுக்கு முதல் நன்றி.

இப்போது மறுபடி இலை நிறம் மாறுகிறது. இரண்டு பாத்திக்கும் நான் தண்ணீர் விடுகிறேன். வேலிக் கட்டையில் நூல் வெளிறிப்போய் இன்னும் இருக்கிறது. காலையில் அதைக் கண்ட பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்து, கோயில் மண்டபத்தில் எல்லாரும் சாப்பிட வேண்டும். அக்காவுக்குப் பிடித்த இறால் பொரியல் இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் மேசைக்கு மேசை வந்து உங்கள் கோப்பைகளை எட்டிப் பார்ப்பேன். கோபிக்காதீர்கள். போதுமோ என்று கேட்க வரவில்லை. இடப்பக்கத்தில் எதையாவது மிச்சம் வைத்திருந்தால், பேசாமல் திருப்பி வைத்துவிட்டுப் போவேன்.

தங்கச்சி
மல்வேர்ன்